கடலடிச் சேற்றில் அருமண்: ஒரு சதுர கிலோமீட்டர் கணக்கு எவ்வளவு நெசம்?

2025 ஆகஸ்ட் 3, பீளமேடு

சிவன்மலை அண்ணா, ஒரு சந்தேகமுங்க. ஏப்ரல்ல சீனா ஏழு அருமண் (rare earth) உலோகத்துக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம்னு போட்டதுல இருந்து காந்தம் வர்றது இழுத்துக்கிட்டே போவுது. சோலார் பம்ப்புக்கு நாங்க பண்ற நிலைக்காந்த மோட்டாரெல்லாம் அதுலதான் நிக்குது. இந்த நேரத்துல வாட்ஸ்அப்புல ஒரு வீடியோ சுத்துது. பசிபிக் கடலடியில ஒரு சதுர கிலோமீட்டர் சேறு அள்ளுனா உலகத்தோட ஒரு வருசத் தேவையில அஞ்சுல ஒரு பங்கு கெடைக்குமாம். இந்துமாக்கடல்ல நமக்கு 75,000 சதுர கிலோமீட்டர் இருக்குதாம். அப்படிப் பார்த்தா 15,000 வருசத்துக்கு ஆவுது. இது நெசமுங்களா?

ஆகஸ்ட் 3, இரவு, சிவன்மலை

தம்பி, ரெண்டு வேற வேற சரக்கை ஒரே மூட்டையில கட்டிட்டாங்க.

அஞ்சுல ஒரு பங்கு என்பது டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யசுஹிரோ கட்டோ குழு 2011ல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் சொன்னது. பசிபிக்கில் 78 இடங்களில் எடுத்த 2,000க்கும் மேற்பட்ட சேற்று மாதிரிகளை அளந்தார்கள். தென்கிழக்கு பசிபிக்கில் அருமண்ணும் இட்ரியமும் சேர்த்து 1,000 முதல் 2,230 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருந்தது. தென்சீனக் களிமண் சுரங்கத்துக்குச் சமம், சில இடத்தில் அதுக்கும் மேல்.

நம்ம 75,000 சதுர கிலோமீட்டர் மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் இருப்பது. அது சேற்றுக்கு வாங்கியதல்ல, பல்லுலோக முண்டுகளுக்கு. அதாவது மாங்கனீசு முண்டு, உருளைக்கிழங்கு அளவில் தரைமேல் கிடப்பது. 1987ல் இந்தியாவுக்கு முன்னோடி முதலீட்டாளர் தகுதி கிடைத்தது, 2002 மார்ச்சில் சர்வதேசக் கடலடி ஆணையத்தோடு ஒப்பந்தம். மதிப்பீடு 38 கோடி டன் முண்டு: அதில் நிக்கல் 47 லட்சம் டன், செம்பு 43 லட்சம் டன், கோபால்ட் 5.5 லட்சம் டன், மாங்கனீசு 9.2 கோடி டன். அருமண்ணுக்காக யாரும் அங்கே போகவில்லை.

இன்னொன்று. அந்த ஆணையம் விதி எழுதியிருப்பது மூணுக்குத்தான்: முண்டு, சல்ஃபைடு, கோபால்ட் மேலோடு. சேற்றுக்கு விதியே கிடையாது. ஜப்பான் மினாமிடோரிஷிமா தீவுக்கு அருகே துணிந்து இறங்குவதற்குக் காரணம் அது அவர்களுடைய சொந்தப் பொருளாதார மண்டலத்துக்குள் இருப்பது. ஆணையத்தின் தலைமையகம் இருக்கிற கிங்ஸ்டனில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 4, சிவன்மலை

ஒரு சதுர கிலோமீட்டர் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். மறைக்க ஒன்றுமில்லை.

பத்து மீட்டர் தடிமன் என்று வையுங்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1 கோடி கன மீட்டர் சேறு. கடலடிச் சேறு தோசை மாவு பதம். ஒரு கன மீட்டரில் காய்ந்த மண் ஏறக்குறைய 0.5 டன், மீதி 0.83 டன் உப்புத் தண்ணி. ஈர எடை 1.33 டன். ஆக காய்ந்த மண் 50 லட்சம் டன். 1,500 பிபிஎம் என்றால் தனிம எடையில் 7,500 டன். ஆக்சைடாக மாற்ற 1.2ஆல் பெருக்கினால் 9,000 டன்.

இதில் இரண்டு இடத்தில் ஆள் வழுக்குவார்கள். முதலாவது, ஒருவர் தனிம எடையில் சொல்வார், இன்னொருவர் ஆக்சைடு எடையில் சொல்வார். 20 சதவீதம் அங்கேயே காணாமல் போகும். இட்ரியத்துக்கு 1.27, நியோடிமியத்துக்கு 1.17, டிஸ்ப்ரோசியத்துக்கு 1.15 என்று தனித்தனியாகப் பெருக்க வேண்டும், 1.2 என்பது மொத்தக் கணக்குக்கு மட்டும். இரண்டாவது, பிபிஎம் காய்ந்த எடைக்கு. கப்பலுக்கு வருவது ஈரச் சேறு. ஒரு டன் ஈரச் சேற்றில் காய்ந்தது 376 கிலோ, அதில் அருமண் 560 கிராம். நியோடிமியம் அதில் 17 சதவீதம், டிஸ்ப்ரோசியம் 3 சதவீதம் என்று வைத்தால் முறையே 96 கிராம், 17 கிராம். மீட்பு இழப்பு இன்னும் கழிக்கவில்லை.

அந்தச் சதுர கிலோமீட்டரை அள்ள எத்தனை நாள்? ஒரு நாளைக்கு 3,500 டன் ஈரச் சேறு என்றால் பத்து வருசம். அஞ்சுல ஒரு பங்கு என்பது அங்கே கிடக்கிற இருப்பு. ஒரு வருசத்தில் கைக்கு வருவது என்று வீடியோக்காரர் திரித்துவிட்டார்.

ஆகஸ்ட் 4, பீளமேடு

560 கிராமுங்களா! சரி அது கெடக்கட்டும். 6,000 மீட்டர் ஆழம்னா 6,000 மீட்டர் ஹெட்டு, அதாவது பம்ப் ஏத்தவேண்டிய உயரம். எங்க போர்வெல் பம்ப்புல 300 மீட்டருக்கே ஸ்டேஜ் மேல ஸ்டேஜா அடுக்கறோம். இதுக்கு எந்த மகராசன் பம்ப் பண்ணுவான்?

ஆகஸ்ட் 5, சிவன்மலை

ஹெட்டு 6,000 இல்லைங்க. போர்வெல்லில் குழாய்க்கு வெளியே காற்று. இங்கே குழாய்க்கு வெளியேயும் அதே உயரத்துக்குக் கடல் நிற்கிறது. வெறும் கடல்நீரை ஏற்றினால் நிலை ஹெட்டு பூச்சியம், உராய்வு மட்டும்தான். சேறு கலந்ததால் கூடுகிற அடர்த்திக்குத்தான் பம்ப் வேலை செய்ய வேண்டும்.

அடர்த்தி சேற்றுக் கலவைக்கு 1.10, கடல்நீருக்குச் சராசரி 1.04 (ஆழத்தில் அமுங்குவதையும் சேர்த்து). வித்தியாசம் 0.06. அதை 6,000ஆல் பெருக்கினால் 360 மீட்டர் நீர் ஹெட்டு. உள்விட்டம் 300 மில்லிமீட்டர் குழாய், வேகம் வினாடிக்கு 2 மீட்டர், உராய்வுக் காரணி 0.02 என்றால் உராய்வுக்கு 82 மீட்டர். மொத்தம் 442. ஓட்டம் மணிக்கு 509 கன மீட்டர், நீர்த்திறன் 613 கிலோவாட், 60 சதவீத செயல்திறன் என்றால் மோட்டாருக்கு ஒரு மெகாவாட். உங்க ஊர்க்காரர்களுக்குப் பயப்படுகிற அளவு இல்லை.

1.10 கலவையில் ஒரு கன மீட்டருக்குக் காய்ந்த மண் 115 கிலோ. மணிக்கு 58 டன், நாளைக்கு 1,400 டன், அருமண் 2.1 டன். மின்சாரம் 24 மெகாவாட்-மணி. ஒரு கிலோ அருமண்ணுக்கு ஏற்றுக்கூலி 11 முதல் 12 யூனிட். செலவு இங்கே இல்லை தம்பி, அது பின்னால் வருகிறது.

ஆகஸ்ட் 5, மாலை, சிவன்மலை

மேலே சொன்னதற்கு ஒட்டு. 0.02 என்பது தண்ணிக்கு உரிய காரணி. சேறு கெட்டியானால் தண்ணிபோல ஓடாது. அசையத் தொடங்கவே ஒரு குறைந்தபட்ச விசை கேட்கும். 1.10இல் பரவாயில்லை. 1.2ஐத் தாண்டவிட்டால் நிலை ஹெட்டே 960 ஆகிவிடும், அதற்குமேல் உராய்வும் ஏறும். பம்ப் நின்றுபோனால் 6 கிலோமீட்டர் குழாயில் உட்கார்ந்த சேற்றை மறுபடி கிளப்புவதுதான் தலைவலி. அடியில் ஒரு கொட்டு வால்வு வைத்து, மின்சாரம் போனதும் அது தானாகத் திறக்கிற மாதிரி பண்ண வேண்டும்.

அழுத்தம் 600 பார். அதற்கு மோட்டார் கூட்டைத் தடிமனாக வார்க்கத் தேவையில்லை. எண்ணெய் நிரப்பி, வெளி அழுத்தத்தை உள்ளே கடத்துகிற ரப்பர் பை ஒன்று வைத்தால் கூட்டுக்கு உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம். உங்க தண்ணி நிரப்பிய சப்மெர்சிபிளில் கீழே இருக்கிற டயாஃப்ரமும் இதே தத்துவம்தான். கெடுவது அதிகமும் மெக்கானிக்கல் சீலும் கேபிள் இணைப்பும்.

முண்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. 4 சென்டிமீட்டர் முண்டு நின்ற தண்ணியில் வினாடிக்கு அரை மீட்டருக்கு மேல் வேகமாக இறங்கும். குழாயில் அதைவிடப் பல மடங்கு வேகம் வேண்டும், தேய்மானமும் கூடும். ஆனாலும் செய்துகாட்டியிருக்கிறார்கள். 1978ல் ஓஎம்ஐ என்ற கூட்டமைப்பு பசிபிக்கில் 5,000 மீட்டருக்கு மேல் ஆழத்திலிருந்து சுமார் 800 டன் முண்டு ஏற்றியது. 2022ல் ஹிட்டன் ஜெம் கப்பல் 4.3 கிலோமீட்டர் குழாய் வழியே சுமார் 3,000 டன். சேற்றில் ஜப்பானின் சிக்யூ கப்பல் 2022ல் இபராக்கி கடற்கரைக்கு அப்பால் 2,470 மீட்டரிலிருந்து நாளைக்கு 70 டன் கணக்கில் ஏற்றியது. 2026 ஜனவரியில் மினாமிடோரிஷிமாவில் 6,000 மீட்டருக்கு முயற்சி என்று அறிவித்திருந்தார்கள். நம்ம சென்னை என்ஐஓடியின் (தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்) வராகா ஊர்தி 2021ல் 5,270 மீட்டரில் தரையில் ஓடியது. அது ஓட்டச் சோதனை, ஏற்றம் அல்ல.

ஆகஸ்ட் 5, பீளமேடு

ஒரு மெகாவாட் பம்ப்னா நான் கொட்டேசன் குடுக்கறேனுங்க. சர்வீசுக்கு ஆள் அனுப்பறதுதான் கொஞ்சம் சிரமம்.

ஆகஸ்ட் 7, சிவன்மலை

சேற்றில் அருமண் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். இங்கேயே எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதில்தான் தொங்குகிறது.

மீன் பல்லிலும் எலும்பிலும். மீன் உயிரோடு இருக்கும்போது அதன் பல்லில் அருமண் ஏறக்குறைய இல்லை. செத்துத் தரைக்கு வந்தபின், பல்லில் இருக்கிற கால்சியம் பாஸ்பேட் தன்னைச் சுற்றிய நீரிலிருந்து அருமண்ணை உறிஞ்சிக்கொள்கிறது. கால்சியம் இருந்த இடத்தில் அருமண் போய் உட்கார்கிறது. ஒரு பல்துண்டில் 10,000 பிபிஎம்முக்கு மேல் பார்க்கலாம். களிமண்ணில் சாதாரண அளவுதான்.

இதனால்தான் சேறு மெதுவாகச் சேர்ந்த இடம் வேண்டும். ஆயிரம் வருசத்துக்கு ஒரு மில்லிமீட்டர், அதற்கும் குறைவு. வேகமாக மண் கொட்டினால் பல் நீர்த்துப் போகும். வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையையே கொண்டுவந்து கொட்டுகின்றன. அங்கே தேடிப் பயனில்லை. ஆழமும் வேண்டும். ஏறக்குறைய 4,500 மீட்டருக்குக் கீழே சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துபோய்விடும். அதற்கு மேலே இருந்தால் வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு வந்து எல்லாவற்றையும் மூடும். கிழக்கு இந்தியப் பெருங்கடலில், பழைய ஆழ்கடல் துளைப்பு எண் 213இல், சேற்றுக்குள் 75 மீட்டர் கீழே 1,113 பிபிஎம் வரை அளந்திருக்கிறார்கள். 75 மீட்டர் மேல்மண்ணை யார் ஒதுக்குவது?

மினாமிடோரிஷிமாவில் 2013ல் 6,500 பிபிஎம்முக்கு மேல் கிடைத்தது, அதுவும் தரையிலிருந்து சில மீட்டருக்குள். 2018ல் வந்த ஆய்வு 2,500 சதுர கிலோமீட்டரில் 1.6 கோடி டன் ஆக்சைடு என்று மதிப்பிட்டது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதே ஆய்வில் இருந்த ஹைட்ரோசைக்ளோன் சோதனை, அதாவது சேற்றுக் கலவையைச் சுழற்றிப் பருமனும் கனமும் பார்த்துப் பிரிப்பது. பல்துண்டுகள் 20 மைக்ரானுக்கு மேல் பருமன், அடர்த்தியும் 3.1க்கு மேல். களிமண் 2 மைக்ரான், அடர்த்தி 2.6. சைக்ளோனில் சுற்றினால் பல் அடியில் இறங்கும். அருமண் அளவு 2.6 மடங்கு வரை ஏறியது. ஆனால் பிலிப்சைட் என்ற சியோலைட் படிகமும் அதே பருமன். அது அதிகம் இருக்கிற சேற்றில் இந்த லாபம் சுருங்கும்.

சீரியம் என்ற அருமண் தனிக் கதை. கடல்நீரில் அது நாலு மின்னேற்றமாகி மாங்கனீசில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் முண்டில் சீரியம் தூக்கலாக இருக்கும், பல்லில் குறைவாக இருக்கும். சேற்றில் சீரியம் குறைவாக இருப்பது வியாபாரத்துக்கு நல்லது. விலை இல்லாத சரக்கைப் பிரிக்கிற செலவு மிச்சம்.

ஆகஸ்ட் 8, கோபி

வணக்கமுங்க. கல்லூரி ஆய்வகத்தில் ஐசிபி-எம்எஸ் (தனிமங்களை அணுநிறை வைத்து அளக்கிற கருவி) ஓட்டுகிறேன். கடலடி மாதிரி ஒன்றில் யூரோப்பியம் என்ற அருமண் மட்டும் மேலே குத்தி நிற்கிறது. வெந்நீர் ஊற்றுச் சுவடு என்று மாணவர் எழுதி வைத்திருக்கிறார். நம்பலாமா?

ஆகஸ்ட் 8, சிவன்மலை

முதலில் பேரியத்தைப் பாருங்கள். கடலடிச் சேற்றில் பேரைட் (பேரியம் சல்பேட்) நிறைய. அணுநிறை 135 உள்ள பேரியம் ஓர் ஆக்சிஜனைக் (16) கட்டிக்கொண்டால் 151. பேரியம் 137 கட்டிக்கொண்டால் 153. இரண்டும் யூரோப்பியத்தின் இடம். பேரியம் 5,000 பிபிஎம், ஆக்சைடாவது 0.1 சதவீதம் மட்டும் என்றாலும் 151இல் 0.8 பிபிஎம், 153இல் 1.2 பிபிஎம் பொய் யூரோப்பியம் வரும். நெச அளவே 5 பிபிஎம் பக்கம் இருக்கும்போது இது சின்ன விசயமல்ல.

சோதனை சுலபம்: 151ஐ வைத்து ஒரு முறை, 153ஐ வைத்து ஒரு முறை கணக்கிடுங்கள். 153 தொடர்ந்து கூடுதலாக வந்தால் பேரியம்தான். அதே நாளில், அதே அமைப்பில், தனிப் பேரியக் கரைசல் ஓட்டிக் கழித்துவிடுங்கள். நேற்றைய விகிதத்தை இன்றைக்குப் போடக்கூடாது. கருவியின் கூம்பு அழுக்கானால் மாறிவிடும். சீரியம் ஆக்சைடு விகிதத்தை 1.5 சதவீதத்துக்குள் வைத்தபின் அளக்கத் தொடங்குங்கள். இதேபோல் பிரசியோடிமியம் ஆக்சைடு கடோலினியம் 157இல் விழும், நியோடிமியம் ஆக்சைடு டெர்பியம் 159இல் விழும். டெர்பியத்துக்கு வேறு ஐசோடோப்பு கிடையாது, அங்கே கழித்தே ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 9, சிவன்மலை

கோபிக்காரருக்கு இன்னும் சில.

கரைக்கும்போது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மிச்சம் இருந்தால் அருமண் ஃபுளோரைடாக அடியில் படியும், கண்ணுக்குக்கூடத் தெரியாது. பெர்குளோரிக் சேர்த்து வெண்புகை வரும்வரை ஓட்டி, நைட்ரிக் ஊற்றி மறுபடி வற்றவைக்க வேண்டும். புகைபோக்கி அலமாரியில் பெர்குளோரிக்குக்கு உரிய கழுவு வசதி இல்லையென்றால் இந்த வழியைத் தொடாதீர்கள். லித்தியம் மெட்டாபோரேட் உருக்கு முறைக்குப் போங்கள். அரைக்க அகேட் உரல். டங்ஸ்டன் கார்பைடில் அரைத்தால் கோபால்ட் ஏறிவிடும். முண்டு ஆள் அந்த எண்ணைப் பார்த்து ஏமாறுவார்.

உப்பு. மேலே சொன்ன சேற்றைக் கழுவாமல் காயவைத்தால் 0.83 டன் தண்ணியிலிருந்த 29 கிலோ உப்பு 500 கிலோ மண்ணோடு தங்கும், கிட்டத்தட்ட 6 சதவீதம். 1,500 இருக்க வேண்டியது 1,418 பக்கம் காட்டும். கழுவினால் நுண்களிமண் மேல்நீரோடு போகும் என்று பயந்தால் குளோரைடை அளந்து 1.807ஆல் பெருக்குங்கள், உப்பு எடை கிடைக்கும். அதைக் கழியுங்கள். அட்டவணையில் உப்பு நீக்கியதா இல்லையா என்று எழுதாத எண்ணை ஒப்பிடவே முடியாது.

தரக் கட்டுப்பாட்டுக்குச் சேற்றோடு மேக்-1, முண்டென்றால் நாட்-ஏ-1, நாட்-பி-1 என்ற அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரிகளைக் கூடவே ஓட்டுங்கள்.

ஆகஸ்ட் 11, பீளமேடு

நீங்க ரெண்டு பேரும் லேப்புக்குள்ள போயிட்டீங்க. எனக்கு இப்ப காந்தத்துக்கு என்ன வழிங்க?

ஆகஸ்ட் 11, சிவன்மலை

சேற்றை நம்பி டிசைன் நிறுத்தாதீங்க. டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் காந்தத்தில் சேர்ப்பது சூட்டுக்குத் தாங்க. எச் தரக் காந்தம் 120 பாகை வரை தாங்கும், எஸ்எச் 150, யூஎச் 180. போர்வெல்லில் மோட்டாரைச் சுற்றி 30 பாகை தண்ணி ஓடுகிறது. காரில் போடுகிற எஸ்எச்சை வழக்கத்துக்கு எழுதிவைத்திருந்தால் எச்சுக்கு இறங்க முடியுமா என்று ரோட்டர் சூட்டை அளந்து பாருங்கள். பம்ப் தண்ணியில்லாமல் ஓடினால் காந்தம் வலுவிழக்கும், அதனால் உலர் ஓட்டத் தடுப்பு கட்டாயம். சாதா இண்டக்‌ஷன் பம்ப்செட்டுக்குக் காந்தமே கிடையாது. பல பிஎல்டிசி சீலிங் ஃபேனிலும் இருப்பது அருமண் இல்லாத ஃபெரைட் காந்தம்.

கரையிலேயே நமக்குச் சரக்கு உண்டு. மணவாளக்குறிச்சி, சவறை மணலில் மோனசைட் என்ற அருமண் கனிமம். நாடு முழுக்க 1.3 கோடி டன் மோனசைட், அதில் 72 லட்சம் டன் ஆக்சைடு என்று அணுக்கனிம இயக்குநரகத்தின் மதிப்பீடு. அதில் நியோடிமியம் உண்டு, டிஸ்ப்ரோசியம் ரொம்பக் கொஞ்சம், தோரியம் கூடவே ஒட்டிவரும். சேற்றுக்கு மவுசு வருவது இந்த ரெண்டு இடத்தில்தான்: கனமான அருமண் அதிகம், தோரியம் குறைவு.

ஆகஸ்ட் 14, பெருந்துறை

ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) ஆளுங்க நான். படிச்சுட்டு வர்றேன். பல்லுன்னு சொன்னீங்க, பம்ப்புன்னு சொன்னீங்க. நாளைக்கு 1,400 டன் காஞ்ச மண்ணுன்னா அதோட 12,000 டன் உப்புத்தண்ணி வருமே, டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு) லிட்டருக்கு 35,000 மில்லிகிராம். அதை எங்க விடுவாங்க? ஃபில்டர் பிரஸ்சுல இந்த நைசு மண்ணு பிழியுமா?

ஆகஸ்ட் 15, சிவன்மலை

கேட்க வேண்டிய கேள்வி இதுதானுங்க.

தண்ணியை மேலேயே விட்டால் கலங்கல் ஒளிபுகும் அடுக்கில் பரவும். ஆழத்துக்குத் திருப்பிக் குழாயில் இறக்க வேண்டும், அதற்கு இரண்டாவது குழாய். தரை ஆறுவதற்கும் காலம் பிடிக்கிறது. பசிபிக்கின் பெரு படுகையில் 1989ல் சோதனைக்காக உழுத தடங்கள் 26 வருசம் கழித்துப் போனபோதும் அப்படியே தெரிந்தன. மத்திய இந்தியப் படுகையில் நம்மவர்களும் 1997ல் இப்படித் தரையைக் கலக்கிப் பார்க்கிற சோதனை ஒன்று நடத்தியிருக்கிறார்கள்.

அமிலம் எளிது. அரை மோலார் கந்தக அமிலமோ ஹைட்ரோகுளோரிக்கோ சாதா வெப்பத்தில் சில மணி நேரத்தில் பெரும்பகுதியை இறக்கிவிடும். மாங்கனீசும் இரும்பும் அதிகம் கரையாது. சேற்றில் சுண்ணாம்பு 10 சதவீதம் இருந்தால் மட்டும் டன்னுக்கு 98 கிலோ கந்தக அமிலம் அதற்கே போகும், 172 கிலோ ஜிப்சம் விழும், அருமண்ணில் ஒரு பங்கையும் ஜிப்சம் பிடித்துக்கொள்ளும். அப்போது ஹைட்ரோகுளோரிக்தான் நல்லது. சைக்ளோன் முதலில், அமிலம் பிறகு என்ற வரிசைக்குக் காரணமும் இதுதான்: அமிலத்துக்குப் போகிற மண் குறையும், பிழிய வேண்டியதும் குறையும்.

பிரஸ் சோதனை உங்களிடமே பண்ணலாம். கடலடிச் சேறு கிடைக்காது. சீனாக்களிமண் 70, பென்டோனைட் 30 எடைக்கு எடுங்கள். நல்ல தண்ணியில் கலக்காதீர்கள், பென்டோனைட் உப்பிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த தண்ணியில் லிட்டருக்கு 115 கிராம் மண், ஓர் இரவு ஊறட்டும். நீங்கள் வழக்கமாகப் போடுகிற எதிர்மின் பாலிமர் உப்பில் சுருண்டுகொண்டு வேலை செய்யாது. மின்னேற்றமில்லாத பாலிஅக்ரிலமைடை டன் காய்ந்த மண்ணுக்கு 50 கிராமில் தொடங்கி 200 வரை ஏற்றி ஜாடிச் சோதனை பண்ணுங்கள். பிறகு 7 பாரில் பிழியுங்கள்.

கேக் ஈரத்தை 105 பாகையில் காயவைத்து எடை பார்க்கும்போது உப்பு தங்குவதைக் கழியுங்கள். அடுத்து அமிலத் தொட்டி 316 எஃகு என்றால் குளோரைடு அதைத் தின்னும், அதனால் கேக்கைக் கழுவ வேண்டியிருக்கும். நல்ல தண்ணி விட்டால் உப்பு இறங்க இறங்க களிமண் கலைந்து துணியை அடைத்துவிடும். ஜிப்சம் கரைத்த தண்ணியில் கழுவுங்கள், அதாவது லிட்டருக்கு 2 கிராம். முதல் கழுவலிலேயே வடிநீர் கலங்கினால் அங்கேயே நிறுத்தி ஜிப்சத்துக்குப் பதில் கால்சியம் குளோரைடு போட்டுப் பாருங்கள். அதில் குளோரைடு கொஞ்சம் மிஞ்சும்; தொட்டிக்குள் ரப்பர் உறை போட்டுக்கொள்ளலாம்.